வலது கைக்கு ஒரு கீ

தங்கராஜு எங்கே போனாலும் அங்கே உள்ள குறைதான் முதலில் அவர் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சாம்பாரைப் பற்றிப் பேச மாட்டார். தீயணைப்புக் கருவிக்கு முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததைப் பற்றிப் பேசுவார். புக்கிட் மேரா பக்கம் ஒரு காண்டோமினியத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் முடிந்தும் கண் ஓயவில்லை. பிடோக்கில் அவர் குடியிருக்கும் புளோக்கில் லிஃப்ட் கதவு கொஞ்சம் முனகினால் போதும், கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார். படம் நகர மன்றத்துக்குப் போகும். அங்கிருந்து மிகவும் பணிவான ஒரு பதில் வரும். அந்தப் பதிலில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டி இவர் மறுபடி எழுதுவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தெட்டு வயதில் கார்ட்டூன் செய்யக் கற்றுக்கொள்ளப் போனார் என்றால் அதற்கும் காரணம் ஒரு புகார்தான். லிட்டில் இந்தியாவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் ஆட்கள் நட்டநடுவில் நின்றுகொண்டு போன் பேசுகிறார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுவதில்லை என்பது அவருடைய பல வருடத்து மனக்கொதிப்பு. அதை வீடியோ எடுத்து, பின்னணியில் தன் குரலிலேயே கண்டனம் பதிவுசெய்து, குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு கட்டைவிரல் கூட விழவில்லை. குழுவைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜ்தான் லிஃப்டில் வைத்துச் சொன்னார்:

"அண்ணே, இவ்வளவு நீளத்தை யாரு லா பார்ப்பாங்க? கார்ட்டூனா இருந்தா சின்னப் பிள்ளைங்களாவது பார்க்கும்."

செல்வராஜ் தப்பித்தால் போதும் என்று சொன்ன வார்த்தை அது. தங்கராஜு அதை வாக்காக எடுத்துக்கொண்டார். புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள அரசாங்கம் கொடுத்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் தொகை தொடாமல் கிடந்தது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் அனிமேஷன் தொடக்க வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"நேரா ஒரு கோடு போட வராது, கார்ட்டூன் பண்ணப் போறாராம்" என்றார் சிவகாமசுந்தரி. அவர் தங்கராஜுவின் மனைவி. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம் ஒன்றில் அரைநாள் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளை மேய்த்துப் பழகியதால் கணவரையும் மேய்ப்பது அவருக்குப் பெரிய சிரமமாக இல்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்மா. தொலைக்காட்சியில் வரும் சிறுவர் தொடர்களுக்குப் பொம்மைகளை நடக்கவும் குதிக்கவும் வைக்கும் வேலையைப் பல வருடம் பார்த்த பெண். கோபமே வராது. ரொம்பவும் யோசிக்க வேண்டி வந்தால் முக்காட்டில் குத்தியிருக்கும் ஊசியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். தங்கராஜு சேர்ந்த பிறகு அந்த ஊசிக்கு வேலை அதிகம்.

முதல் பாடம் ஒரு பந்து. அதைத் தரையில் குதிக்க வைக்க வேண்டும்.

"பந்து மேல இருக்கிறப்ப ஒரு கீ வைங்க அங்கிள். தரையைத் தொடுறப்ப ஒரு கீ. மறுபடி மேல ஒண்ணு. அவ்வளவுதான். நடுவுல இருக்கிறதை சாஃப்ட்வேரே நிரப்பிக்கும்."

"நாம சொல்லாம அது எப்படி நிரப்பும்? தப்பா நிரப்பிடுச்சுன்னா?"

"சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. ரெண்டு ஆணி அடிச்சாக் கொடிக்கயிறு நடுவுல தானாத் தொங்குது இல்லையா? ஆணிதான் கீ. ஆணி அடிக்கலைன்னா வச்ச இடத்துலயே அசையாமக் கிடக்கும்."

தங்கராஜு ஆணிகளை அடித்தார். பந்து தரையில் மோதவில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. போனது போனதுதான். அதைத் தேடித் திரையை உருட்டிக்கொண்டே போனதில் வகுப்பு முடிந்தது. அடுத்த வாரம் பந்து தரையில் நின்றது, ஆனால் குழந்தை கையிலிருந்து நழுவிய பலூன் போல ஆற அமர இறங்கியது. சுட்டியில் கோளாறு என்றார். சுட்டியை மாற்றிக் கொடுத்தார்கள். மேசை சமமாக இல்லை என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்று சொல்வார்கள். தங்கராஜுவுக்குக் குரங்கு வந்திருந்தாலே பெரிய காரியம்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: குறை காண்கிறவனுக்குத் தன் கை வேலையில் குறை தெரிந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. மகன் வருண் பெர்த்துக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. சிவகாமசுந்தரி தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். ஒரு நாள் பந்து விழுந்தது, தரையில் பட்டதும் லேசாக நசுங்கியது, எழுந்து குதித்தது. தங்கராஜு அதை எத்தனை தடவை ஓடவிட்டார் என்று கணக்கில்லை.

"வந்து பாரேன் சிவகாமி."

"பார்த்தேன், பார்த்தேன். பந்து குதிக்குது. அதுக்குத்தானே பந்து" என்றார் அவர், அடுக்களையிலிருந்தே.

பந்துக்குப் பிறகு பாடம் நடைக்கு வந்தது. கைகால்கள் மூட்டு மூட்டாக மடங்கும் ஒரு மொட்டைப் பொம்மையைத் திரையில் கொடுத்து அதை நடக்க வைக்கச் சொன்னார்கள். அதற்கு வீட்டுப்பாடம் ஒன்று.

"தெரிஞ்சவங்க யாரையாச்சும் நடக்கச் சொல்லி, பக்கவாட்டுல வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார் ஆஸ்மா. "தலையிலேருந்து கால்வரை தெரியணும். கையில பை, போன் எதுவும் இருக்கக் கூடாது. அந்த வீடியோவைப் பொம்மைக்கு அடியில வச்சு, ஒவ்வொரு நிலையாப் பார்த்துப் பார்த்துப் பொம்மையை மடக்குங்க. நாம நினைக்கிற மாதிரி யாரும் நடக்கிறது இல்ல அங்கிள். அதனாலதான் பார்த்துப் பண்ணணும்."

நடிகை யார் என்பதில் யோசனைக்கு இடமில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஆள். சனி கழிந்த மறுநாள் காலையில் சிவகாமசுந்தரியைப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். தூண்களுக்கு நடுவே நல்ல அகலமான இடம். சந்தைக்குப் போகக் கிளம்பியவர் பஞ்சாபி உடையில் இருந்தார், கையில் பை.

"பையை அந்த பெஞ்சுல வை."

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."

"நான் இருக்கேன்ல. அந்தத் தூண்லேருந்து இந்தத் தபால் பெட்டி வரைக்கும் நட. சாதாரணமா நட."

படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சாதாரணமாக நடப்பது யாருக்கு வரும்? சிவகாமசுந்தரி சிரித்துக்கொண்டே நடந்தார், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே நடந்தார், ஒரு தடவை பாதி வழியில் நின்று "போதுமா?" என்றார். தங்கராஜு கைப்பேசியின் கோடு தரைக்கு நேராக இருக்கிறதா என்பதில் குறியாக இருந்தார். "என்ன இவ்வளவு மெதுவா? ஆமை கூட வந்து சேர்ந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதை அவர் சமீப காலமாக அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே கிளம்பினால் நேரமாக்குகிறாய், ரவிக்கை ஊக்கு மாட்ட இவ்வளவு நேரமா, முட்டை அடிக்க இவ்வளவு நேரமா என்று. மூன்றாவது நடை நன்றாக வந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் பொம்மையை மடக்கினார். வீடியோவைக் கொஞ்சம் நகர்த்துவார், நிறுத்துவார், பொம்மையின் முழங்காலைத் திருப்புவார், கீ வைப்பார். மறுபடி நகர்த்துவார். குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது, பிறகு பாதம் படிகிறது, இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறுகிறது. இதெல்லாம் இருக்கிறது என்றே அவருக்கு இதுவரை தெரியாது. முகமில்லாத மொட்டைப் பொம்மை திரையில் நடந்தபோது, யாரும் சொல்லாமலே அது சிவகாமசுந்தரியாக இருந்தது. தங்கராஜுவுக்கு நெஞ்சு விம்மியது. தன் வாழ்நாளில் குறை சொல்ல முடியாதபடி ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்தார். சனிக்கிழமை வந்ததும் வகுப்பில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

ஆஸ்மா பொம்மையை ஓடவிட்டார். இன்னொரு தடவை ஓடவிட்டார்.

"சூப்பர் அங்கிள்! இடுப்பு ஏறி இறங்குறது ரொம்ப அழகா வந்திருக்கு. வலது கைக்கு மட்டும் கீ வைக்க மறந்துட்டீங்க."

"மறக்கல."

"இங்க பாருங்க. இடது கை முன்னாடி பின்னாடி போகுது. வலது கை மடங்கின வாக்குல அப்படியே நிக்குது. பரவாயில்ல, புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற மிஸ்டேக்தான்."

எல்லாரும் செய்யும் தவறு! தங்கராஜுவுக்குச் சுருக்கென்றது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் இந்த முறை முயலைப் பார்த்துப் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

"ஒவ்வொரு மூட்டுக்கும் கீ வச்சிருக்கேன். வேணும்னா வீடியோவைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்மா வீடியோவைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். சிவகாமசுந்தரி தூணைத் தாண்டினார். இடது கை முன்னே வந்தது, பின்னே போனது, மறுபடி முன்னே வந்தது. வலது கை முழங்கையில் லேசாக மடங்கி, உடம்போடு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் அப்படியே வந்தது.

"நான் சொன்னேன்ல?" தங்கராஜு மேசையைத் தட்டினார். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் பொம்மையில தப்பு இல்ல. ஒரிஜினலே அப்படித்தான் லா!"

ஆஸ்மா சிரிப்பார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தார். ஆஸ்மா முக்காட்டு ஊசியைத் தொட்டார்.

"ஆன்ட்டி கையில எதாச்சும் வச்சிருந்தாங்களா அங்கிள்?"

"இல்லையே. நீங்கதானே வெறுங்கையோட நடக்கணும்னு சொன்னீங்க."

"கையில அடி, வலி?"

"ஒண்ணும் சொல்லலையே."

ஆஸ்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடந்தாக் கை தானா வீசும் அங்கிள். யாரும் சொல்லித் தர வேண்டாம், ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் கூட வீசும். நான் எத்தனையோ பேர் நடையைப் பார்த்திருக்கேன். ஒரு கை மட்டும் நின்னா... நான் டாக்டர் இல்ல. ஆனா ஒரு தடவை காட்டிடுங்க. தயவுசெஞ்சு."

தங்கராஜுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்த வழக்கு அவர் கண்ணெதிரிலேயே வேறு வழக்காகிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து கீழே இறங்கியவர் உடனே ரயிலுக்குப் போகவில்லை. தேக்கா சந்தைக்கு எதிரே நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்தார். நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் இன்றைக்கு அவர் கண்ணில் படவில்லை. எல்லாருடைய கையையும் பார்த்தார். பூக்கடைப் பெண்ணின் கை வீசியது. சீனக் கிழவர் ஒருவருக்கு வீசியது. வேலை முடிந்து கூட்டமாக வந்த பங்களாதேஷ் இளைஞர்களுக்கு எல்லாக் கையும் வீசியது. ஊருக்கே வீசுகிறது, என் வீட்டில் மட்டும் நிற்கிறது என்று நினைத்தார். ரயிலில் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அதில் வந்த நோயின் பெயரைப் படித்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். பிடோக் நார்த் வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

லிஃப்ட் முனகினால் ஊரைக் கூட்டுகிறவருக்கு வீட்டில் வாய் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? "கையைக் காட்டு" என்பதா? வாரம் முழுக்க மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவகாமசுந்தரி கரண்டியை இடது கைக்கு மாற்றுவதைப் பார்த்தார். பொத்தான் போட முடியாமல் ஒரு நொடி நின்று, மறுபடி முயல்வதைப் பார்த்தார். இதெல்லாம் நேற்று ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. இத்தனை நாளும் இதைப் பார்த்துத்தான் "ஏன் இவ்வளவு நேரம்" என்று கேட்டிருக்கிறோம் என்பது உறைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் காத்தோங்கில் சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் சிவகாமசுந்தரி நடக்கவில்லை. கணவர் கிளம்பட்டும் என்று நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். தங்கராஜு நாலடி முன்னால் நடப்பார், சிவகாமசுந்தரி பின்னால் வருவார். இதில் ஆணவம் ஒன்றும் கிடையாது. அவருடைய அப்பா அப்படி நடந்தார், மாமாக்கள் நடந்தார்கள், இவரும் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நின்றால் இந்த ஊர்வலத்தை இன்றைக்கும் பார்க்கலாம்: முன்னால் கையை வீசிக்கொண்டு ஒருவர், பின்னால் பையோடு ஒருவர்.

"நீ முன்னால போ" என்றார் தங்கராஜு.

"எதுக்கு? செருப்பு அறுந்துடுச்சா?"

"சும்மா போயேன்."

போனார். சேலையும் முந்தானையும், வலது முழங்கையில் மாட்டிய கைப்பையுமாக இருந்ததில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் சந்தேகப்பட முடியாத நடை. தங்கராஜுவுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அந்தப் பெண் எதையோ சொல்லிப் பயமுறுத்திவிட்டாள் என்று நினைத்தார். பிறகு கொஞ்சம் வேகமாக நடந்து பக்கத்தில் போனார்.

"பையைக் குடு. நான் தூக்கிட்டு வர்றேன்."

சிவகாமசுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தங்கராஜு அந்தப் பையை ஒருமுறை கூடத் தொட்டதில்லை. "இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தார். பை போய்விட்டது. கை மட்டும் பையை மாட்டியிருந்த வாக்கிலேயே மடங்கி இருந்தது. கோயில் கோபுரம் தெரிகிற இடம்வரை அது இறங்கவில்லை.

"சிவகாமி, நில்லு. உன் வலது கை அசையல."

"என்னது?" சிவகாமசுந்தரி கையைத் தூக்கி உதறிக் காட்டினார். "அசையுதே!"

"தூக்கினா அசையுது. நடக்கும்போது அசையல."

நடுத்தெருவில் என்ன பேச்சு என்று சிவகாமசுந்தரி முகத்தைச் சுளித்தார். தங்கராஜு கைப்பேசியை எடுத்து, கோயில் மதிலோரமாக நின்று, கீழ்த்தளத்தில் எடுத்த வீடியோவைக் காட்டினார். சிவகாமசுந்தரி முதலில் தன் துப்பட்டாவைப் பார்த்தார், பிறகு தான் குண்டாகத் தெரிவதைப் பார்த்தார். அதன் பிறகு கையைப் பார்த்தார். இரண்டாவது தடவை தானே விரலால் தொட்டு ஓடவிட்டார்.

"இதை எடுக்கும்போதே பார்த்தீங்களா?"

"இல்ல. வகுப்புல ஆஸ்மா சொல்லித்தான்..."

"அந்தப் பொண்ணு என்னைப் பார்த்ததே இல்லையே." சிவகாமசுந்தரியின் குரல் ஏறியது. "படத்துல பார்த்த பிள்ளைக்குத் தெரியுது. கூடவே இருக்கிற மனுஷனுக்குத் தெரியலையா?"

கோபத்தில் சிவகாமசுந்தரி விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்விட்டார். பிள்ளையாருக்கு எதிரில் அவர் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டபோது இரண்டு கைகளும் நன்றாகவே வேலை செய்தன. பயத்தில் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பாலிகிளினிக்கில் காட்டினார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். இடையில் ஒரு சனிக்கிழமை வந்தது. வீட்டுப்பாடத்தை எதுவும் மாற்றாமல் அப்படியே ஒப்படைத்தார் தங்கராஜு. ஆஸ்மா தேர்ச்சி போட்டார்.

நரம்பு மருத்துவர் இளைஞர், நிதானமாகப் பேசினார். சிவகாமசுந்தரியைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகவேகமாகத் தட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்தது. பார்க்கின்சன் நோயின் தொடக்கம் போலத்தான் தெரிகிறது, இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றன என்றார். முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் மாத்திரையும் உடற்பயிற்சியும் இருந்தால் பல வருடம் நல்லபடியாக நடமாடலாம், சீக்கிரமே வந்தது நல்லது என்றார். பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?"

சிவகாமசுந்தரி கணவரைப் பார்த்தார். தங்கராஜு மருத்துவரின் மேசையைப் பார்த்தார்.

"ஒரு வருடமா? இரண்டு வருடமா?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பரவாயில்லை, முன்பு எடுத்த வீடியோ ஏதாவது இருந்தால் அடுத்த தடவை கொண்டு வாருங்கள், எவ்வளவு வேகமாக வந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தார்கள். தங்கராஜுவின் கைப்பேசியில் வீடியோவுக்குப் பஞ்சமா? லிஃப்ட் கதவு இருந்தது. ஒழுகும் குழாய் இருந்தது, விரிசல் விட்ட தரைக்கல் இருந்தது, யாரோ படிக்கட்டில் விட்டுப் போன சைக்கிள் எல்லாக் கோணத்திலும் இருந்தது. சிவகாமசுந்தரி இல்லை. அடுத்து சிவகாமசுந்தரியின் கைப்பேசியைப் பார்த்தார்கள். பினாங்கு போனது, கெந்திங் போனது, மதுரைக்குப் போனது எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் தங்கராஜுவின் முதுகு போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்தவர் படத்தில் எப்படி வருவார்? வருணின் பட்டமளிப்பு வீடியோவில் சிவகாமசுந்தரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் கல்யாண வீடியோவையும் போட்டுப் பார்த்தார்கள். அக்கினியை வலம் வரும்போது சிவகாமசுந்தரி நடக்கிறார். வலது கை மாப்பிள்ளையின் பிடியில் இருக்கிறது.

சிவகாமசுந்தரி வீடியோவை நிறுத்தினார். பிறகு, "அந்தப் பொம்மையைத் திறங்க" என்றார்.

"எதுக்கு?"

"திறங்களேன். அதுக்குக் கையை வீச வைக்க முடியும்ல?"

"அதுக்கு முடியும்" என்றார் தங்கராஜு.

"வச்சுக் காட்டுங்க. நான் நல்லா இருந்தப்ப எப்படி நடந்தேன்னு பார்க்கணும்."

மடிக்கணினியைத் திறந்தார். மொட்டைப் பொம்மை வந்து நின்றது. கை முன்னே வந்த நிலையில் ஒரு கீ வைத்தார், பின்னே போன நிலையில் ஒரு கீ வைத்தார். நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிக்கொண்டது. ஓடவிட்டார். பொம்மை இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு கலகலப்பாக நடந்தது. சந்தையில் எதிரே வருகிற யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தது.

சிவகாமசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"நான் இப்படித்தான் நடப்பேனா?"

தங்கராஜுவின் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கு ராத்திரி சிவகாமசுந்தரி நிம்மதியாகத் தூங்குவார்.

"தெரியல சிவகாமி. நான் பார்த்ததே இல்ல."

சிவகாமசுந்தரி திட்டவில்லை. பார்வையைத் திரையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இவ்வளவு வீச மாட்டேன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கம்மி பண்ணிப் பாருங்க."

அவர் குறைத்தார். பொம்மை மறுபடி நடந்தது.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் குறைத்து ஓடவிட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இதுவா?"

"தெரியலையேங்க" என்றார் சிவகாமசுந்தரி.